வெள்ளிக்கிழமைகளில் கழுவிய திரை

கோயம்புத்தூருக்கு வடக்கே, வார்ப்புப் பட்டறைகளின் புகையும் மாவு மில்லின் வாசமும் கலந்து வீசுகிற ரங்கம்மாள் லே-அவுட்டில், ரேஷன் கடையில் தொடங்கி டிரான்ஸ்ஃபார்மரில் முடிந்துவிடுகிற மூன்றாம் வீதியில், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற நாச்சிமுத்து என்றொருவர் இருந்தார். கார் வாங்குவதற்கு முன்பே கார் ஷெட் கட்டி, கார் வாங்காமலேயே ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட அந்த மனிதருக்கு ஒரு நாள் கோல்ஃப் பைத்தியம் பிடித்தது. ஊருக்கு வெளியே இருக்கிற கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பைப் பழுது பார்க்கப் போனவரிடம், மோட்டார் ஓடுவதை வேடிக்கை பார்த்து நின்ற மேனேஜர் விளையாட்டுக்காக ஒரு மட்டையைக் கொடுத்து ‘நீங்களும் ஒண்ணு அடிங்க’ என்றார். இவரும் அடித்தார். பந்து எழும்பிப் போனது, போய்க்கொண்டே இருந்தது, மைதானத்தின் கடைசிப் புளியமரத்தையும் தாண்டிப் போனது, அவருடைய புத்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது.

அந்த மைதானத்தில் உறுப்பினராக வேண்டுமென்றால் முதலில் வேறொரு அப்பாவுக்குப் பிறந்திருக்க வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட நாச்சிமுத்து, மைதானத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தார். வெளிநாட்டில் அப்படி வைத்திருக்கிறார்களாம். சுவரளவுக்கு ஒரு வெள்ளைத் திரை, அதன்மேல் புரொஜெக்டரில் விழுகிற புல்வெளி, அடிக்கிற பந்தைத் திரை வாங்கிக் கீழே போட்டுவிடும், ஆடி முடித்ததும் பட்டனை அமுக்கினால் சுருண்டு மேலே போய்விடும். மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். எதிர் வரிசையில் குடியிருந்த லோகநாதன் மட்டும் சிரிக்கவில்லை.

லோகநாதன் மில்லில் நெசவுப் பிரிவு சூப்பர்வைசர். தறி ஒன்று அவனுடைய வலது கை நடுவிரலில் பாதியை எப்போதோ கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. யார் வீட்டில் மின்சாரம் போனாலும் ஆபீசுக்கு போன் போடுகிறவன், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆட்டோ பிடித்து வருகிறவன், குரல் உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. வடிகட்டிகளுக்காக மில்லில் நெய்து கழித்துப் போட்ட முரட்டுத் துணியை அவன்தான் மேனேஜரிடம் கேட்டு வாங்கிவந்தான். நாச்சிமுத்து இரும்புக் குழாயின் இரண்டு முனையிலும் பேரிங் போட்டு, கடை ஷட்டரை ஏற்றி இறக்குகிற பழைய மோட்டாரைக் காயில் கட்டி, கார் ஷெட்டில் மாட்டினார். இரண்டு பேருமாகத் துணியை இழுத்துப் பிடித்து, நாலு பக்கமும் விறைப்பாகக் கட்டி முடித்தார்கள். முதல் பந்தை நாச்சிமுத்து அடித்தார். அது போன வேகத்தில் திரும்பி வந்து, டீ டம்ளரோடு வந்துகொண்டிருந்த அவர் மனைவி ருக்குமணியின் காதோரமாகப் போய்ச் சுவரில் மோதியது.

“ஏனுங்க, துணிய எதுக்கு இப்பிடி வெறைப்பா இழுத்துக் கட்டறீங்க?” என்றாள் ருக்குமணி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. “அடி வாங்கற எடத்துல கொஞ்சம் எளக்கம் வேணுமில்லீங்களா? தொய்வா உட்டுப் பாருங்க.”

தொய்வாக விட்டார்கள். பின்னால் ஒரு கை நீளத்துக்கு இடம் விட்டு, பக்கங்களில் ரப்பர் கயிறு போட்டு, கீழ் மடிப்பில் மணல் நிரப்பிய குழாயைச் செருகித் தொங்கவிட்டார்கள். அடுத்த பந்து போய்ப் பட்டது, ஒரு கணம் யோசித்தது, பின்பு சத்தமில்லாமல் கீழே விழுந்தது.

இப்படி அடி வாங்கிப் பழகிய துணி, ஆடி மாதம் பிறந்த பிறகு பந்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மெடிக்கல் ஷாப்காரரின் அம்மா சுப்பாத்தாள் குளியலறையில் வழுக்கி இடுப்படிபட விழுந்த அதே நேரத்தில், ஆளில்லாத ஷெட்டில் தொங்கிக்கொண்டிருந்த திரை ‘தொப்’பென்று பின்னால் உப்பி ஆடி நின்றது. சுப்பாத்தாள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு குளித்துவிட்டு வந்தாள். திரையில் அவள் இடுப்பு உயரத்துக்கு நாவல்பழ நிறத்தில் ஒரு கறை இருந்தது. அன்று மாலை பள்ளிக்கூடத்துப் பிள்ளையொன்று சைக்கிளோடு சாக்கடையில் விழுந்து முழங்காலில் சிராய்ப்பில்லாமல் எழுந்தது. திரையின் அடிப்பக்கத்தில் இரண்டு சின்ன வட்டங்கள் விழுந்தன. ரேஷன் கடைக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவில் யார் மேல் எந்த அடி விழுந்தாலும், திரை இறங்கியிருக்கிற வரைக்கும், அதைத் திரையே வாங்கிக்கொண்டது.

இதை வீதி இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டது. காலையில் பால் பாக்கெட் எடுக்க வருகிறவர்கள் கேட்டருகே நின்று “நாச்சிமுத்தண்ணா, தெரைய எறக்கிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகளிடம் சைக்கிளைக் கொடுத்தார்கள். மெடிக்கல் ஷாப்காரர் பஞ்சையும் பிளாஸ்திரியையும் பின் அலமாரிக்குத் தள்ளிவிட்டு முன்னால் ஷாம்பூவை அடுக்கினார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர் இந்த வீதி வழியாக வருவதையே விட்டுவிட்டு, கோபத்தில் அடுத்த வீதியைச் சுற்றிக்கொண்டு போனார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் மாடி எழுப்பிக்கொண்டிருந்த வீட்டில், சாரத்தில் ஏறுகிற ஆட்கள் ஷெட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினார்கள். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிறபோது திரை இறங்காதில்லையா, அன்று வீதியே நிறை குடத்தைச் சுமப்பது மாதிரி மெதுவாக நடந்தது, அம்மாக்கள் பிள்ளைகளைக் கட்டிலில் உட்கார வைத்து எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தொல்லை வேண்டாமென்று நாச்சிமுத்து குழாயின் முனையில் கையால் சுற்றுகிற ஒரு பிடியும் பொருத்தினார். ஆயுத பூஜைக்குத் திரையின் மூலையில் சந்தனம் வைத்தார்கள். இதற்குள் அம்மாக்களின் கையும் நீண்டிருந்தது. அடித்தால் வலிக்காது என்று தெரிந்துவிட்டதால், படிக்காத பிள்ளைக்கு முன்பு அதட்டல் போட்டவர்கள் இப்போது பளாரென்று ஒன்று வைத்தார்கள், பிள்ளையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டது.

திரையை நல்லபடியாக வைத்திருப்பது சின்ன வேலை இல்லை. கறையோடு சுருட்டினால் கறை மறுபக்கத்துக்கும் ஏறிவிடும். ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடித்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமை காலைதோறும் நாச்சிமுத்து, ருக்குமணி பட்டுப் புடவை அலசுகிற மாதிரி பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்து, பழைய வேட்டித் துணியால் ஒத்தி ஒத்தித் துடைத்து, ஹோஸ் பைப்பால் அலசி, வெயில் ஏறும்வரை காயவிட்டார். துடைத்துத் துடைத்து அவருக்கு ஒன்று பிடிபட்டது. திரையின் இடது ஓரம் ரேஷன் கடை, வலது ஓரம் டிரான்ஸ்ஃபார்மர், நடுவில் வீடுகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில்தான் அடிகளும் விழுந்தன, அதுவும் அவரவர் உடம்பு உயரத்துக்கு. சுப்பாத்தாளின் இடம் எது, சைக்கிள் பிள்ளையின் இடம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். வேறு யாருக்கும் இது தெரியாது, ஏனென்றால் வேறு யாரும் கழுவவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, வலது பக்கம் சற்றுத் தள்ளி, ஒரு பெண்ணின் கன்ன உயரத்தில், ஒரு கை இருந்தது. விரல்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. நடுவிரல் பாதிதான் இருந்தது.

நாச்சிமுத்து கையில் மக்கோடு நின்றார். லோகநாதனின் மனைவி வினோதினியை நினைத்தார். காலையில் வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது ‘அண்ணா, டீ ஆச்சுங்களா’ என்று கேட்கிற பெண். பின்பு லோகநாதனை நினைத்தார், துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவன் நின்ற நிற்பை நினைத்தார். ஏதோ ஒரு தடவை கோபம் வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு, அந்தக் கையைத் துடைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அது இருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கன்னத்தில் ஒன்றும் தோளில் ஒன்றும் முதுகில் ஒன்றும் இருந்தன. அடுத்தவர் வீட்டு விஷயம் என்றார், சிநேகிதன் என்றார், திரைக்குத் துணி கொடுத்தவன் என்றார், கடைசியில் ‘வலிக்கத்தான் இல்லையே’ என்றார். இந்தக் கடைசிச் சமாதானம் கைக்கு வாட்டமாக இருந்ததால் அதையே வாராவாரம் எடுத்துக்கொண்டார். மற்ற கறைகளைவிட அந்தக் கையைத்தான் அதிக நேரம் துடைத்தார், துடைத்து முடித்த பிறகு வெகுநேரம் கை கழுவினார்.

“அது யாரு கைங்க?” என்று ருக்குமணி ஒரு தரம் கேட்டாள்.

“எவனாச்சும் அழுக்குக் கையோட தொட்டிருப்பான்.”

ருக்குமணி அவரைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

வினோதினி சும்மா இருக்கவில்லை. அந்தியூரிலிருந்து அவள் அப்பா மாரப்பனை வரவழைத்தாள். அவர் கொய்யாப் பழப் பையோடு வந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் மகளின் இரண்டு கன்னத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஒண்ணுமில்லியே சாமி” என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். குழாயடியில் பெண்களிடம் சொன்னாள். “வலிக்குதா?” என்று கேட்டார்கள். இல்லை என்றாள். “அப்பறமென்ன அம்மிணி?” என்றார்கள்.

“வலிக்கலீங்க. ஆனா அடிக்கறாருங்க” என்றாள் வினோதினி. அவர்கள் அடுத்த குடத்தைக் குழாயில் வைத்தார்கள்.

அப்புறம்தான் ஒரு வெள்ளிக்கிழமை, நாச்சிமுத்து பூந்திக்கொட்டையைக் கரைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் ஷெட்டுக்குள் வந்தாள். திரையின் முன்னால் நின்று, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, நேராகத் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“இது என்ற எடந்தானுங்கண்ணா?”

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒரே ஒரு நாளைக்குத் தெரையச் சுருட்டி வையுங்கண்ணா. ஒரு அடி என்ற மேல விழுந்துட்டாப் போதும். அதைக் காட்டிட்டு நான் போயிருவேன்.”

“எப்பிடி அம்மிணி? சாரத்து மேல ஆளுக நிக்கறாங்க. ஒருத்தன் உழுந்தா நான் என்ன பதில் சொல்றது?”

“அப்பக் கழுவாமயாச்சும் உடுங்க. ஞாயித்துக்கெழமை அப்பா மறுபடியும் வர்றாரு. அவரு வந்து பாக்கட்டும்.”

“சரி அம்மிணி.”

“நெசமாத்தானுங்களே?”

“நெசமாத்தான். நீ போ.”

அவள் தெருவைக் கடந்து வீட்டுக்குள் போன சற்று நேரத்தில் லோகநாதன் வண்டியை ஷெட் முன்னால் நிறுத்தினான். “என்னண்ணா, இன்னும் கழுவலீங்களா? ஒத்தையாளாக் கஷ்டப்படறீங்க” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஹோஸ் பைப்பைக் கையில் எடுத்தான். அந்தப் பாதி விரல் பைப்பின் வாயை அழுத்தியது, தண்ணீர் விசிறியாகப் பரவித் திரையின் வலது பக்கத்தை நனைத்தது.

“இந்தக் கறை போயிருங்களாண்ணா?” என்றான், சாதாரணமாக.

நாச்சிமுத்துவின் கையில் துணி இருந்தது. வேண்டாம் லோகு, இதை விட்டுவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வாயைத் தாண்டி வரவில்லை.

“போயிரும் லோகு” என்றார். கழுவினார். நண்பன் தண்ணீர் விட, நண்பனின் கையை அவர் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாரப்பன் வந்தார். வெள்ளை வெளேரென்று தொங்கிய திரையில் புல்வெளி பச்சையாக விரிந்திருந்தது, லோகநாதன் பூப்போல ஒரு பந்தை அடித்துக் காட்டினான், மாமனார் கை தட்டினார். வினோதினி கேட்டோரமாக நின்று திரையைப் பார்த்தாள், பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் புரொஜெக்டரில் ஏதோ சரி செய்வது மாதிரி குனிந்துகொண்டார். குனிந்த தலையை அன்று முழுவதும் அவரால் சரியாக நிமிர்த்த முடியவில்லை.

பத்து நாள் போயிருக்கும். மத்தியானத்தில் வீட்டை ஒட்டிய பட்டறையில் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தவருக்கு ஷெட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பழகிய ‘தொப்’ இல்லை, துணி கிழிகிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தார். வலது பக்கத்தில், தலை உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்குத் திரை பிளந்திருந்தது. கேட்டுக்கு ஓடினார். எதிர் வீட்டு வாசலில் வினோதினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு கையால் உச்சந்தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் அம்மிக் குழவி ஒன்று உருண்டு நின்றது. அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தாயிற்று.

நாச்சிமுத்து சாக்குத் தைக்கிற ஊசியை எடுத்து, கெட்டி நூலைக் கோத்து, கிழிசலைத் தைத்தார். பந்துக்கு இந்தத் தையல் தாங்கும், இன்னொரு குழவிக்குத் தாங்காது என்பது அவருக்குத் தெரிந்தது. இத்தனை நாள் திரை அவளைக் காப்பாற்றுகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தவர், அது காப்பாற்றியது லோகநாதனைத்தான், அதற்குக் கூலியில்லாமல் வேலை பார்த்தது தான்தான் என்று ஊசியும் கையுமாக அன்று ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எதிர் வீட்டிலிருந்து சின்னச் சத்தம் கேட்டாலும் ருக்குமணியை ‘சர்க்கரை வேணும், கருவேப்பில வேணும்’ என்று சொல்லி அங்கே போகச் சொன்னார். ருக்குமணியும் போய்ப் போய் நின்றாள். அந்த வெள்ளிக்கிழமை அவர் பூந்திக்கொட்டை ஊறவைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் ஊறவைக்கவில்லை.

வீதி இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கழுவாத திரையில் அடிகள் தங்கின, தங்கி வரிசையாகத் தெரிந்தன, இந்த இடம் இந்த வீடு என்று கண்ணுள்ள யாருக்கும் புரியத் தொடங்கியது. டியூஷன் டீச்சரின் வீட்டு நேருக்குப் பிள்ளைகளின் உள்ளங்கை உயரத்தில் கோடு கோடாக இருந்தது. மெடிக்கல் ஷாப்காரரின் இடத்தில் சுப்பாத்தாளின் முதுகுக்கு நேராக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. ஒவ்வொருவராகத் தனியாக வந்து, மற்றவர்களுடையதைப் பற்றி ஒன்றும் பேசாமல், “நம்ம எடத்த மட்டும் கொஞ்சம் தொடச்சுட்டீங்கன்னா...” என்று இழுத்தார்கள். நாச்சிமுத்து யாருடையதையும் துடைக்கவில்லை. லோகநாதனும் வந்தான்.

“துணி பழசாயிருச்சுங்கண்ணா. புதுசு ஒண்ணு மில்லுல கேட்டு வாங்கியாரட்டுங்களா?”

“வேண்டாம் லோகு. இதுவே இருக்கட்டும்.”

லோகநாதன் சிரித்தான். அந்த வாரமே, மனைவி தன் பெயரைக் கெடுக்கிறாள் என்று அவனே மாமனாரை வரச் சொல்லி, வீதிக்காரர்களையும் கூப்பிட்டு, நாற்காலி நிறைய இருக்கிறது என்று நாச்சிமுத்துவின் ஷெட்டிலேயே பஞ்சாயத்தைக் கூட்டினான். நாச்சிமுத்து தன் ஆள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வாரா வாரம் அவர் கழுவியதைப் பார்த்தவன்தானே.

“மாமா, நான் கையெடுத்துக் கேக்கறேன். உங்க பொண்ணு ஒடம்புல எங்காச்சும் ஒரு காயம் இருந்தாக் காட்டச் சொல்லுங்க” என்றான் எல்லோர் முன்னாலும்.

மாரப்பன் மகளைப் பார்த்தார். வீதி கீழே பார்த்தது.

நாச்சிமுத்து எழுந்தார். கூட்டத்துக்காகத் திரையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள், அந்தத் துணியைப் பிடித்து இழுத்துப் போட்டார். “அம்மிணி, இங்க வா. இப்பிடித் திரும்பி நில்லு” என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

வினோதினி போய்த் திரையில் முதுகு சாய்த்து நின்றாள். அவள் இடது கன்னத்தை ஒட்டி ஒரு கன்னத்து அடி இருந்தது. தோளுக்கு நேராகத் தோளடி இருந்தது, முழங்கைக்கு நேராக முழங்கையடி. தையல் போட்ட கிழிசல் அவள் உச்சந்தலையில் வந்து நின்றது. சட்டை தைக்க அளவெடுத்தவன்கூட இத்தனை சரியாக எடுத்திருக்க மாட்டான். எல்லா அடியிலும் நடுவிரல் பாதியாக இருந்தது.

“இது துணிங்க மாமா” என்றான் லோகநாதன். “துணியில இருக்கற கறைக்கெல்லாம் நான் பொறுப்பா?” சொல்லிக்கொண்டே வலது கையை வேட்டி மடிப்புக்குள் கொண்டுபோனான். மாரப்பன் அந்தக் கை போன இடத்தையே பார்த்தார். பிறகு எழுந்து, “துணிமணிய எடுத்து வெய்யி சாமி, போலாம்” என்றார். போன தடவை வந்து கை தட்டியது நினைவுக்கு வந்ததோ என்னவோ, உதடு கோணி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நாச்சிமுத்துவால் விட முடியவில்லை.

“இது கொஞ்ச வாரத்து அடிதானுங்க” என்றார் மாரப்பனிடம். “இதுக்கு முன்னால உழுந்ததையெல்லாம் நான் கழுவிட்டனுங்க. யாரு கை, யாரு கன்னம்னு தெரிஞ்சேதான் கழுவினேன். உடுங்க, கழுவாதீங்கன்னு இந்தப் பொண்ணு கேட்டப்பறமும் கழுவினேன்.”

வினோதினி திரையை விட்டு முன்னால் வந்தாள். அவர் எதிரில் நின்றாள். அண்ணா என்று கூப்பிட்ட வாயால் என்ன சொல்வது என்று தெரியாதவள் போல நின்றவளின் கை, தானே எழுந்து, நாச்சிமுத்துவின் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. ருக்குமணி ஒரு எட்டு முன்னால் வந்து, அப்படியே நின்றுகொண்டாள். திரை நடுவில் உப்பி ஆடியது. அத்தனை பேரும் அவரை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்கள். அவருடைய வீட்டு இடத்தில், அவருடைய கன்ன உயரத்தில், சின்னதாக ஒரு புதிய கை பதிந்திருந்தது.

நாச்சிமுத்து கன்னத்தைத் தொட்டார். ஒன்றுமில்லை. சூடுகூட இல்லை. எத்தனையோ வாரமாகத் தனக்கு வர வேண்டும் என்று அவர் காத்திருந்த அடி வந்துவிட்டது, வந்து அவரைத் தொடாமல் போய்விட்டது. கண் முன்னால் ஒரு கை ஓங்கியதும், அந்தக் கைக்குப் பின்னால் ஒரு முகம் இருந்ததும் மட்டும்தான் அவருக்கு மிஞ்சியது. அவர் சுவரோரம் போய்ப் பட்டனை அமுக்கினார். மோட்டார் முனகியது, திரை அத்தனை கறையோடும் சுருண்டு சுருண்டு மேலே போனது. சாரத்தில் நின்ற ஆட்கள் வேலையை நிறுத்திக் கம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் திரும்பி வந்து அவள் முன்னால் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“இப்ப அடி அம்மிணி. இப்ப வலிக்கும்.”

வினோதினி அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் பாக்கி இல்லை.

“வேண்டாங்கண்ணா” என்றாள். “எனக்கு வலிக்கலைன்னுதானே இத்தன நாளா எல்லாரும் நிம்மதியா இருந்தீங்க. உங்களுக்கும் வலிக்காமயே இருக்கட்டும்.”

துணிமணிக்காகக்கூட வீட்டுக்குள் போகாமல், அப்பாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு அவள் கேட்டைத் திறந்து, டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிப் போனாள். நாச்சிமுத்து கன்னத்தைக் காட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.